விழுவதற்கும் ஒரு விலை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

முன்னுரை

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பார்கள். ஊர்க்குருவிக்காவது சிறகு உண்டு; மனிதனுக்கு அதுவும் இல்லை. ஆயினும் பதின்மூவாயிரம் அடி உயரத்தில் விமானத்தின் கதவு வழியே வெளியே பாய்ந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் காற்றில் மிதப்பவன்போல் கிடந்து, பின்னர்த் துணிக்குடை ஒன்றை விரித்துத் தரையில் இறங்கி நடந்து வருகிறான். இதனை 'ஸ்கை டைவிங்' என்பர். தமிழில் வான்குதிப்பு எனலாம்.

சென்ற கோடை விடுமுறையில் இதைப் பற்றி ஊரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன. பனையேறும் தொழில் செய்யும் என் பெரியப்பா புத்தகத்திலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "பட்டாளத்தானா?" என்று கேட்டார். "இல்லை பெரியப்பா, நம்மைப் போன்றவன்தான். பொழுதுபோக்குக்காகக் குதிக்கிறான்" என்றேன். "எவ்வளவு கொடுப்பார்கள்?" என்றார். "இவன்தான் பணம் கட்ட வேண்டும். கற்றுத் தேறி உரிமம் வாங்க நம் பணத்தில் இரண்டரை, மூன்று லட்சம் ஆகும்" என்றேன். அவர் சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விழறதுக்குமாடா காசு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பொருளியல் பயிலும் மாணவன் ஒரு விலைக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் விழிப்பது அழகன்று. ஆகவே அந்த மூன்று லட்சத்தை இனம் இனமாகப் பிரித்துப் பார்த்தேன். அவ்வாறு கண்டவற்றை என் சக மாணவர்களோடும் பேராசிரியர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்கலை பரவலாகவும் ஒழுங்காகவும் நடைபெறும் நாடு அமெரிக்கா என்பதால், அந்நாட்டு முறையையே எடுத்துக்கொள்கிறேன்.

வான்குடையின் வரலாறு

1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், பிரெஞ்சுக்காரரான ஆந்த்ரே ழாக் கார்னரின் பாரிஸ் நகரில் பலூன் ஒன்றிலிருந்து வான்குடை மூலம் இறங்கிக் காட்டினார். அவர் நின்றிருந்த கூடை ஊஞ்சலைப்போல் இருபுறமும் பலமாக ஆடியது. எனினும் உயிரோடு இறங்கினார். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் என்பவர் விமானத்திலிருந்து குதித்து, சற்றுத் தொலைவு விழுந்தபின், தம் கையாலேயே பிடியை இழுத்துக் குடையை விரித்தார். விழும்போது மனிதன் மூர்ச்சையடைந்துவிடுவான், அவனால் கையை அசைக்க முடியாது என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கை அன்று பொய்த்தது. இர்வினுக்குத் தரையிறங்கும்போது கணுக்கால் முறிந்தது. அறிவு இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதற்கு அதுவே முதற்சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் படையினர் கழித்துவிட்ட வான்குடைகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு இளைஞர்கள் இதனை விளையாட்டாக வளர்த்தனர். அக்குடைகள் வட்டமானவை, காற்று அடித்துச் சென்ற இடத்தில் இறங்க வேண்டியதுதான். 1960களில் டாமினா ஜால்பர்ட் என்பவர் காற்று புகுந்து உப்பும் அறைகள் கொண்ட செவ்வகக் குடையை உருவாக்கினார். அது பட்டம்போலவும் விமானச் சிறகுபோலவும் செயல்படுவது. இடப்பக்கக் கயிற்றை இழுத்தால் இடப்புறமும், வலப்பக்கக் கயிற்றை இழுத்தால் வலப்புறமும் திரும்பும். இரண்டையும் ஒருசேர இழுத்தால் வேகம் குறைந்து மெல்ல இறக்கிவிடும். இன்று மாணவனுக்குக் கொடுக்கப்படுவது இந்தச் சிறகுக்குடையே.

உரிமம் என்பது யாது?

கார் ஓட்ட அரசு உரிமம் தருவதுபோல் வான்குதிப்புக்கு அமெரிக்க அரசு உரிமம் தருவதில்லை. விமானம், வான்வெளி, குடைகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு அந்நாட்டு விமானத்துறை நிருவாகம் விதிகள் வகுத்துள்ளது. குதிப்பவருக்கு உரிமம் வழங்குவது 'அமெரிக்கப் பாராசூட் சங்கம்'. அதில் ஏ, பி, சி, டி என நான்கு படிகள் உண்டு. அவற்றுக்குக் குறைந்த அளவாக முறையே 25, 50, 200, 500 குதிப்புகள் முடித்திருக்க வேண்டும்.

முதற்படியான ஏ உரிமத்தைப் பெறுவதுதான் 'கற்றுத் தேறுதல்' எனப்படுவது. இருபத்தைந்து முறை குதித்துவிட்டால் மட்டும் அது கிடைத்துவிடாது. அவற்றுள் ஐந்து முறையேனும் குறித்த இலக்கிலிருந்து 20 மீட்டருக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஐந்து குதிப்புகளிலேனும் பிறரோடு சேர்ந்து விழுந்து பழகியிருக்க வேண்டும். தன் குடையைத் தானே மடித்துக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, இறுதியில் தேர்வாளர் ஒருவர் உடன் குதித்துப் பார்க்கும் செய்முறைத் தேர்வு எனத் தேர்வுகளும் உண்டு. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. ஒரே ஒரு வேறுபாடு: இங்கே 35 மதிப்பெண் எடுத்துக் கரையேறிவிட முடியாது.

உரிமம் இல்லாத மாணவன் ஒவ்வொரு முறையும் பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் குதிக்க முடியும். உரிமம் பெற்றவன் தன் பொறுப்பில் தான் குதிக்கலாம். பிற நாட்டுக் குதிதளங்களிலும் அது மதிக்கப்படுகிறது.

பயிற்சி முறையும் முதற் செலவும்

முன்னாளில் மாணவனை மூவாயிரம் அடி அளவிலான உயரத்திலிருந்து குதிக்கவிடுவர். விமானத்தோடு பிணைத்த கயிறு ஒன்று தானே குடையை இழுத்துத் திறந்துவிடும். இது மலிவான முறை. ஆனால் அவன் விழத் தொடங்குமுன் குடை விரிந்துவிடும். விழும்போது உடலை எப்படி நிலைநிறுத்துவது என்பதை அவன் பின்னர்ப் படிப்படியாகத் தனியே கற்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் 'விரைவு வீழ்ச்சிப் பயிற்சி' என்னும் புதிய முறை வந்தது. இன்று பெருவழக்காக உள்ளது இதுவே.

இம்முறையில் முதலில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் தரையில் பாடம் நடக்கும். பிறகு மாணவன் தன் முதுகில் தன் குடையோடு, இருபுறமும் இரண்டு பயிற்றுநர்கள் பிடித்துக்கொள்ள, பதின்மூவாயிரம் அடி அளவிலான உயரத்திலிருந்து குதிக்கிறான். முதல் ஆயிரம் அடியைக் கடக்கச் சுமார் 10 வினாடி ஆகும். அதற்குள் காற்றின் தடை அவன் எடைக்கு ஈடாகிவிடுகிறது. நாம் இயற்பியலில் படித்த முற்றுத் திசைவேகம் இதுதான். மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அதன்பின் ஒவ்வோர் ஆயிரம் அடியும் ஐந்தரை வினாடியில் கழிகிறது. மாணவன் 5,500 அடி அளவில் குடையைத் திறந்தாக வேண்டும்.

காற்றின் இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சைகைதான். இரண்டு விரலை நீட்டினால் 'காலை நீட்டு' என்று பொருள். கையை உதறிக் காட்டினால் 'உடம்பைத் தளர்த்து' என்று பொருள். குடை விரிந்தபின் தரையிலிருந்து ஒருவர் ரேடியோ மூலம் வழிகாட்டுவார்.

இனி விலைக்கு வருவோம். முதற் குதிப்புகள் ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 350 டாலர் வரை ஆகிறது. ஏன் இவ்வளவு? விமானத்தில் மாணவன் ஒருவனுக்காக மூன்று இடங்கள் போகின்றன. மூன்று பேருக்குமான எரிபொருட் செலவு, இரண்டு ஆசிரியர்களின் ஊதியம், குடை வாடகை, மூன்று குடைகளை மடிக்கும் கூலி ஆகிய எல்லாம் அவன் தலையில்தான் விழும். அந்த ஆசிரியர் சாதாரணமானவர் அல்லர். அத்தகுதி பெறத் தடையற்ற வீழ்ச்சியில் மட்டும் ஆறு மணி நேர அனுபவம் வேண்டும். ஒரு குதிப்புக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் முந்நூற்றறுபது குதிப்புகள் ஆகின்றன.

சில குதிப்புகளுக்குப் பின் ஒரு பயிற்றுநர் போதும், கட்டணம் குறைகிறது. பிறகு பிடித்துக்கொள்ள ஆளில்லை, மேலும் குறைகிறது. இறுதியில் தனியே குதிக்கும்போது விமான இடத்துக்கு 25 முதல் 35 டாலரும், குடை வாடகைக்கு ஏறத்தாழ அதே அளவும் கொடுத்தால் போதும். மாணவனின் தேர்ச்சி உயர உயர விலை இறங்குகிறது. தேவையும் அளிப்புமே விலையை நிர்ணயிக்கும் என்று படித்த நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். உண்மையில் அவன் வாங்குவது விமானச் சவாரி அன்று. பிறர் தன்னைக் கவனித்துக்கொள்வதையே அவன் விலைக்கு வாங்குகிறான். அந்தக் கவனிப்பு எவ்வளவு தேவைப்படுகிறதோ அவ்வளவே விலை.

மொத்தக் கணக்கு

முதல் ஏழெட்டுக் குதிப்புகளும் தரைப் பாடமும் சேர்ந்து 1,500 முதல் 2,000 டாலர். எஞ்சிய பதினெட்டுக் குதிப்புகளுக்கு, தலைக்கு 60 முதல் 75 டாலர் வீதம், சுமார் 1,200 டாலர். சிலவற்றில் உடன் குதிக்கும் பயிற்சித் துணைவருக்கும் பணம் கட்ட வேண்டும். சங்கச் சந்தா, உரிமக் கட்டணம், குடை மடிக்கும் வகுப்பு ஆகியவற்றுக்கு இருநூறு டாலர் அளவில். ஆக ஏறத்தாழ 3,000 முதல் 3,500 டாலர். இடத்துக்கு இடம் இது சற்றுக் கூடும், குறையும். ஒரு டாலர் எண்பது ரூபாய்க்கும் மேல் என்பதால், பெரியப்பாவிடம் நான் சொன்ன தொகை சரியே.

இவ்வளவு பணத்துக்கு அவன் விழும் நேரம் எவ்வளவு? ஒரு குதிப்புக்கு முக்கால் நிமிடம் அல்லது சற்று அதிகம். இருபத்தைந்து குதிப்புகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ இருபது நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 150 டாலருக்குக் குறையாது! குடை விரிந்தபின் மிதந்து இறங்கும் நேரமோ ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போல. மக்கள் விழுவதைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இறங்குவதில்தான் இருக்கிறது. நன்றாக விரிந்த குடையின் கீழே, தரைக்கு அருகில் தவறாகத் திரும்பி மாண்டவர்கள் பலர்.

முதுகுப்பையின் விலை

வான்குதிப்போன் முதுகில் சுமக்கும் பையில் ஒன்றல்ல, இரண்டு குடைகள் உண்டு. விதி அவ்வாறு. முதன்மைக் குடை சரியாக விரியாவிட்டால், வலப்புறப் பிடியை இழுத்து அதனைக் கழற்றி எறிந்துவிட்டு, இடப்புறப் பிடியை இழுத்துத் துணைக்குடையை விரிக்க வேண்டும். தரைப் பாடத்தின்போது மாணவனைக் கயிற்றுவாரில் தொங்கவிட்டு இதனை மீண்டும் மீண்டும் செய்யச் சொல்வார்கள். யோசிக்காமல் கை தானே போகும்வரை விடமாட்டார்கள். மாணவனுக்கு 2,500 அடியே எல்லை. கோளாறு இருந்தால் அதற்குமுன் முடிவெடுத்துவிட வேண்டும்.

துணைக்குடையைக் குதிப்பவரே மடித்துவிட முடியாது. சான்று பெற்ற 'ரிக்கர்' என்னும் வல்லுநர் பரிசோதித்து மடிக்க வேண்டும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்கு ஒரு முறை மீண்டும் பிரித்து மடித்தாக வேண்டும். இதற்கு 70 முதல் 100 டாலர் வரை.

மூன்றாவதாக ஒரு சிறு கருவி உண்டு. குதிப்பவன் மயங்கிவிட்டாலோ, நிலைதடுமாறி உயரத்தை மறந்துவிட்டாலோ என்ன செய்வது? பையினுள் இருக்கும் இக்கருவி காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே வரும். தரைக்கு மேல் 750 முதல் 1,000 அடி அளவிலும் அவன் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், துணைக்குடையைக் கட்டியிருக்கும் கண்ணியைத் தானே வெட்டிவிடும். இவ்வகையில் 1991இல் ஜெர்மனியில் வெளிவந்த 'சைப்ரஸ்' என்னும் கருவி பலருடைய உயிரைக் காத்துள்ளது. விலை ஆயிரம் டாலருக்கு மேல். தன் ஆயுள் முழுவதும் ஒரு முறைகூட இயங்காமல் போனால்தான் உடையவனுக்கு மகிழ்ச்சி. அப்படிப்பட்ட பொருள் இது.

உரிமம் பெற்றபின் சொந்தமாக இவற்றை வாங்கினால், புதிதாக 7,000 முதல் 10,000 டாலர் வரை ஆகும். பழையதாக வாங்கினால் ஏறத்தாழ அதில் பாதி. அப்போதும் ரிக்கர் ஒருவரிடம் காட்டாமல் வாங்குவது, மரத்தின் உறுதி பாராமல் ஏறுவதற்கு ஒப்பாகும்.

கட்டணப் பட்டியலில் எழுதாத செலவுகள்

முதலாவது, தேறாமை. ஒரு படியில் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறினால் அதே குதிப்பை மீண்டும் செய்ய வேண்டும். மீண்டும் 150, 200 டாலர். இது தண்டனை அன்று. ஆனால் பணப்பைக்குத் தண்டனையே.

இரண்டாவது, இடைவெளி. மாணவன் முப்பது நாள் குதிக்காமல் இருந்துவிட்டால், மறுபடியும் பயிற்றுநரோடு குதித்துத் திறமையைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவு அவனை ஒரு படிகூட முன்னேற்றுவதில்லை. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு குதிப்பு, அடுத்த மாதம் பணம் சேர்ந்தால் இன்னொன்று என்று தவணை முறையில் கற்பவன், முழுப் பணத்தையும் சேர்த்துவைத்துவிட்டுத் தொடங்குபவனைவிட மிகுதியாகச் செலவழிக்கிறான். ஏழைக்கே எதுவும் விலை அதிகம் என்னும் பொருளியல் உண்மை வானத்திலும் மாறவில்லை.

மூன்றாவது, காற்று. தரைக்காற்று மணிக்கு 14 மைலுக்கு மேல் வீசினால் மாணவனைக் குதிக்க விடமாட்டார்கள். தொலைவிலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கி, நாள் முழுவதும் காற்று தணியக் காத்திருந்து, குதிக்காமலே திரும்புவதும் உண்டு.

நான்காவது, காயம். சங்க உறுப்பினருக்குக் கிடைக்கும் காப்பீடு, அவர் இறங்கும்போது பிறருக்கோ பிறர் பொருளுக்கோ ஏற்படும் சேதத்துக்கானது. தன் கால் முறிந்தால் மருத்துவச் செலவு தன்னுடையதே. ஆயுள் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் இவ்விளையாட்டு விலக்கப்படுவதும் உண்டு.

எதில் சிக்கனம் செய்யலாம்?

தரையில் செய்யக்கூடியவை எல்லாம் மலிவு. பாடத்தை முன்கூட்டியே படித்து, கண்ணை மூடிக்கொண்டு குதிப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் மனத்துக்குள் நடத்திப் பார்ப்பவனுக்கு மறுகுதிப்பு குறைவு. பெரும் மின்விசிறிகள் கீழிருந்து காற்றை எழுப்பும் காற்றுக் குழாயில் சில நிமிடம் பழகுவதும் உதவும். அதற்குப் பணம் ஆகும் என்றாலும், வானத்தில் ஒரு படி தவறுவதைவிட அது பெரும்பாலும் மலிவானதே.

குடை மடிக்கக் கற்றவன், பிறருடைய முதன்மைக் குடைகளை மடித்துக் கொடுத்துக் கூலி பெறலாம். அமெரிக்க இளைஞர்கள் பலர் இவ்வாறு வாரயிறுதியில் மடித்துச் சேர்த்த காசில்தான் குதிக்கிறார்கள். நம் மாணவர்கள் மாலையில் டியூஷன் எடுத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதைப் போன்றதே இது.

சிக்கனம் செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று கருவி, மற்றொன்று ஆசிரியர். 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் வான்குதிப்பில் உயிரிழந்தனர். 2023ஆம் ஆண்டில், முப்பத்தாறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகள் நடந்தும், இறந்தவர் 10 பேர். வானம் மாறவில்லை, புவியீர்ப்பும் மாறவில்லை. நல்ல குடை, தானியங்கிக் கருவி, ஒழுங்கான பயிற்சி, கண்டிப்பான விதி ஆகியவையே அந்த உயிர்களைக் காத்தன. இவை ஒவ்வொன்றும் கட்டணப் பட்டியலில் ஒரு வரியாக நிற்கின்றன. ஒவ்வொரு வரியும் எவரோ ஒருவர் தம் உயிரைக் கொடுத்துக் கற்பித்த பாடம் எனின் மிகையாகாது.

முடிவுரை

நம்மில் எத்தனை பேரால் மூன்று லட்சம் செலவழிக்க முடியும்? என்னால் முடியாது. ஆனால் பணமே ஒரே வழி என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டில் ஆக்ராவிலுள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் தேசிய மாணவர் படை மாணவ மாணவியருக்கும் அடிப்படைக் குதிப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. முன்பு சொன்ன கயிற்று முறைதான்; ஏ உரிமம் கிடைக்காது. ஆனால் அங்கே கேட்பது பணத்தை அன்று. உடல் தகுதியையும் ஒழுங்கையும். நம் கல்லூரித் திடலில் அணிவகுப்புக்கு வரச் சோம்பும் நண்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

பொங்கல் விடுமுறைக்குச் சென்றபோது பெரியப்பா தளைநாரை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இழை இழையாகப் பிரித்துப் பார்த்து, இற்றுப்போன ஒன்றை எடுத்தெறிந்துவிட்டுப் புதிதாக முறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகளாக அவர் மரம் ஏறுகிறார். அந்த நாரைப் பிறர் கையில் கொடுத்து அவர் பார்த்ததில்லை. அதில் ஒரு நாளும் சிக்கனம் செய்ததும் இல்லை.

"பெரியப்பா, அன்றைக்குக் கேட்டீர்களே, விழுவதற்குமா காசு என்று? விழுவதற்குக் காசே கிடையாது. விழுந்தபின் எழுந்து வீட்டுக்கு வருவதற்குத்தான் அத்தனை பணமும்" என்றேன்.

அவர் நாரை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "அப்படிச் சொல்லு. அப்ப சரியான விலைதான்" என்றார்.